அருளப்பனின் மஞ்சள் ஒயர்

ஐப்பசியில் ஒரு காலை, ஏழேகால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. அருளப்பன் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் பேசினார். "நம்ம மோட்டார்காரர் போயிட்டார் சார்" என்றார். நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஒருவருக்கு இரங்கல் செய்தி எழுதி, மறுநாள் அவர் கையாலேயே காபி வாங்கிக் குடித்தவன் நான். வீட்டுக்கு அழைத்தேன். அவருடைய மனைவி ஸ்டெல்லா டீச்சர் எடுத்தார்.

"ஆமா. விடியக்காலம் நெஞ்சு வலின்னார், அம்புட்டுத்தான். நீங்க நம்ப மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். வந்து பாத்துக்கங்க."

போய்ப் பார்த்தேன். செய்தி சரிதான்.

திண்டுக்கல்லில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அருளப்பனிடம் போகிறவர்கள் மோட்டாரோடு ஒரு விசாரணைக்கும் தயாராகத்தான் போவார்கள். சேவுகம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி எரிந்த மோட்டாரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது நான் கடையில் இருந்தேன்.

"நல்லாத்தாண்ணே ஓடிட்டிருந்துச்சு. தானா எரிஞ்சுபோச்சு" என்றார் வந்தவர்.

அருளப்பன் மூடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "தானா எரிஞ்ச காயிலை நான் இன்னும் பாக்கல. ஃபியூஸ் போன இடத்துல என்ன சொருகியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாம கரண்டு எப்படி வந்துச்சு?"

வந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சைக்கிள் கம்பிண்ணே" என்றார்.

சந்தேகம் அவருக்கு வேலையில் மட்டும் இருந்த குணம் அல்ல. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, ஒரே கடையில் இரண்டு பூட்டு வாங்கியதில்லை. கடைக்கு ஒருவரிடம் வாங்கிய பூட்டு, மாடிக்கு இன்னொருவரிடம் வாங்கிய பூட்டு. "மூணாவது சாவி எங்கயாச்சும் இருக்கும் நிருபரே, எனக்குத் தெரியாது அம்புட்டுத்தான்" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் மாடி ஏறிப் போவேன். பல தடவை வாசலிலேயே கேட்பார்: "என்னைப் பாக்க வாரீங்களா, வேவு பாக்க வாரீங்களா?" இரண்டுக்கும்தான் என்பேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும்.

மாடியில் இருந்தது ரயில். அது அவருக்கு வந்த விதத்திலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம், எரிந்துபோன சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்தது. கூடவே ஒரு மரப்பெட்டி நிறைய உள்ளங்கை அகல எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளங்கள். எடுத்துப்போக யாரும் வரவில்லை. மூன்று கடிதம் எழுதினார், மூன்றுக்கும் தபால் ரசீதைப் பத்திரப்படுத்தினார். இரண்டு வருடம் பெட்டியைத் திறக்கவே இல்லை. "திறந்த மறுநாள் வந்து ஒரு எஞ்சினைக் காணோம்னு சொன்னா?" என்றார். மூன்றாம் வருடம்தான் திறந்தார். அதற்குப் பிறகு அதை மூடவில்லை. மாடியில் பெரிய மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தண்டவாளம் பதித்தார்.

கந்தசாமி வந்தது அதற்கப்புறம். பழனிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எரிந்த மோட்டாரோடு வந்தவர், மாடியில் கேட்ட சத்தத்துக்கு ஏறிப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, இந்த வயசுல பொம்மை ரயிலுங்களா?"

"பொம்மை இல்ல. இது பழனி ரோட்டுல போற ரயில்."

"பழனிக்குப் போற வழியில மலையே காணமுங்களே."

அடுத்த ஞாயிறு ஒரு சாக்கு தேங்காய் மட்டையோடு பஸ் ஏறி வந்தார். மட்டையை நறுக்கி, நாரை ஒட்டி, மண் பூசி, ஒரு மாதத்தில் மேசையின் மேற்கு ஓரம் முழுக்க மலையாக்கினார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பதினோரு வருடம். அருளப்பன் ஒயர் இழுப்பார், கந்தசாமி ஊர் கட்டுவார், நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் குற்றம் சொல்வேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்த மேசையில் இருந்த ஒரு வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மதுரைப் பாதையும் பழனிப் பாதையும் சேரும் இடத்தில் ஒரு பாயிண்ட் இருந்தது. ரயிலை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பிவிடும், ஆடுகிற இரும்பு நாக்கு. கையால் தள்ளாமல் அது தானாகவே திரும்ப வேண்டும் என்பது அருளப்பனின் ஆசை. நாக்குக்கு அடியில் சின்ன மோட்டார் ஒன்றை வைத்தார். இரண்டு காயில், நடுவில் ஒரு கம்பி. ஒரு காயிலுக்குக் கரண்டு கொடுத்தால் கம்பி இடப்பக்கம் பாயும், மற்றதற்குக் கொடுத்தால் வலப்பக்கம். காயில்களை அவரே சுற்றினார். தண்டவாளத்தின் ஓரம் ஒரு பித்தளைத் தகடு. எஞ்சின் அதன்மேல் ஏறியதும் மோட்டாருக்குக் கரண்டு பாயும், நாக்கு திரும்பும், எஞ்சின் தன் வழியில் போய்விடும்.

அந்தக் காயில் மெல்லியது. கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான் கரண்டு தாங்கும். எஞ்சின் தகட்டின்மேலேயே நின்றுவிட்டால் எரிந்துபோகும். அதற்காக நடுவில் ஒரு கண்டென்சர் வைத்தார். சேர்த்துவைத்த கரண்டை அது ஒரே வீச்சில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். "ஒரு வாய் தண்ணிதான் குடுக்கும், குடத்தைக் குடுக்காது" என்பார். ஆக, மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் இரண்டு ஸ்குரூ. ஒன்று கண்டென்சர் வழியாக வருவது, மோட்டாருக்கு. மற்றது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக வருவது, ஸ்டேஷன் விளக்குகளுக்கு.

அந்தப் பெட்டியில்தான் அவர் தன் குணத்தைக் காட்டினார். மோட்டாருக்கு ஒரு நிறம், விளக்குக்கு ஒரு நிறம் என்று யாரும் எதிர்பார்க்கும்படி ஒயர் போட்டால், பார்த்தவன் எவனும் சுலபமாகப் படி எடுத்துவிடுவான் என்று நிறத்தை மாற்றிப் போட்டார். எதை எதாக மாற்றினார் என்று ஸ்டெல்லா டீச்சருக்கும் தெரியாது.

"எங்கயாவது எழுதி வையுங்க" என்றேன்.

"எழுதி வைக்கிறதா இருந்தா எதுக்கு நிருபரே மாத்துறது?"

போன டிசம்பரில் எங்கள் பங்குக் கோவில் முற்றத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டினார்கள். அந்த முறை குடிலைச் சுற்றி ரயில் ஓட வேண்டும் என்று இளைஞர்கள் வந்து கேட்டார்கள். அருளப்பன் ஒரு வாரம் அவர்களைச் சந்தேகித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மேசையைக் கழற்றி, கோவிலில் மீண்டும் பூட்டினார். கந்தசாமி பெத்லகேமுக்கும் மலை கட்டினார். பார்ப்பதற்குப் பழனி மாதிரியேதான் இருந்தது.

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து முற்றம் நிறைந்திருந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பழனி ரயில் பாயிண்டை நெருங்கும்போது யாரோ, "செத்த நிப்பாட்டுங்க, ஃபாதர் போட்டோவுல விழணும்" என்று கத்தினார்கள். எஞ்சின் நின்றது. போட்டோ எடுத்தார்கள், சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அருளப்பன் மட்டும் தலையைத் தூக்கி முகர்ந்தார். மேசைக்கு அடியிலிருந்து புகை வந்தது. அவர் சுவிட்சை எட்டுவதற்குள் மதுரை ரயில் வந்து, பாதியில் நின்ற நாக்கில் ஏறி, பழனி ரயிலை இடித்து, இரண்டு பெட்டிகள் குடிலுக்குள் போய் விழுந்தன. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவர் வைக்கோலில் குப்புறக் கிடந்தார்.

"ராஜா டிக்கெட் எடுக்கல போலருக்கு" என்றான் ஒருவன். முற்றமே சிரித்தது. அருளப்பன் சிரிக்கவில்லை.

"காலையில நான் காபி குடிக்கப் போனப்ப பெட்டிகிட்ட யாரு இருந்தது?"

"நான்தானுங்க" என்றார் கந்தசாமி.

"கை வச்சீங்களா?"

"செவப்பு ஒயர் ஒண்ணு கழண்டு தொங்குச்சுங்க. சும்மா இருந்த ஸ்குரூவுல சுத்தி உட்டனுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மறந்து போச்சுங்க. இதென்னுங்க பெரிய விசயம்?"

"மறக்கல. உங்க சொந்தக்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தீங்களே, ஓட்டல்காரர், போட்டோவா எடுத்துத் தள்ளினாரே, அப்பவே நெனச்சேன். இங்க எரிஞ்சாத்தானே அவரு ஓட்டல்ல ரயில் விடலாம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. கந்தசாமி துண்டால் கையைத் துடைத்தார். "பதினோரு வருசமுங்க" என்றார். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

அதன் பிறகு அவர் திண்டுக்கல் வரவில்லை. கோவிலில் கதை உறுதியாகிவிட்டது: குடில் ரயிலை எரித்தவர் அந்த நெய்க்காரப்பட்டி ஆள். நானும் அதை நம்பினேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஒருவர் ஒயரைத் தொட்டதாக ஒப்புக்கொண்டார், தொட்டதைச் சொல்லவில்லை, லாபம் பார்க்க ஒரு உறவினரும் இருந்தார். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் நான் செய்தி எழுதியிருக்கிறேன்.

தை பிறந்ததும் அருளப்பன் என்னிடம் கேட்டார். "நீங்கதான் விசாரிக்கிற ஆளாச்சே. அந்தாளு ஏன் செஞ்சாருன்னு எனக்குக் கேட்டுச் சொல்லுங்க." செய்தாரா என்று அவர் கேட்கவில்லை.

முதலில் அவரிடமே வாக்குமூலம் எடுத்தேன். பெட்டியைப் பார்க்காமல், எந்த ஒயர் எதற்கு என்று சொல்லச் சொன்னேன். முனகிக்கொண்டே சொன்னார், எழுதிக்கொண்டேன். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நெய்க்காரப்பட்டிக்குப் போனேன்.

தோப்புக் கொட்டகையில் கந்தசாமி ஒரு பலகைமேல் குனிந்திருந்தார். பலகையில் ஒரு முழம் தண்டவாளம், ஒரு பாயிண்ட், கையால் சுற்றிய ஒரு காயில். பிடிபட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார்.

"வாங்க சார், வாங்க. திருட்டுச் சரக்குத்தான், நல்லாப் பாருங்க."

"இது எதுக்கு?"

"எரிஞ்சதுக்குப் பதுலு ஒண்ணு சுத்திக் குடுத்தறலாம்னுதானுங்க. எத்தன சுத்துன்னு தெரியில. அவரு சொல்லுவாருங்களா? நானூறு சுத்துனனுங்க, நாக்கு அசைய மாட்டீங்குது."

"நீங்கதான் எரிக்கலயே, எதுக்கு சுத்துறீங்க?"

"நான் எரிக்கலீங்க. ஆனா எரிஞ்சிருச்சுங்களே." காயிலைப் பலகைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், அன்னைக்கு ஸ்டேசன் லைட்டு எரியவே இல்லீங்க. அத யாராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கவனிக்கக்கூட இல்லை.

திரும்பும் வழியில் அந்த உறவினரின் ஓட்டலில் இறங்கினேன். முன்கூடத்தில் ரயில் இல்லை. ஒரு மீன்தொட்டியும் இரண்டு மீன்களும் இருந்தன. ரயில் வைக்கப் போகிறீர்களாமே என்றேன். "ரயிலா? மீனுக்குத் தீனி போடவே ஆளு இல்லீங்க" என்றார்.

முதல் வாக்குமூலம் எடுத்துப் பத்து நாள் கழித்து, அருளப்பனிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன். நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்துப் பழக்கம். பழைய குறிப்பைக் காட்டாமல் கேட்க வேண்டும். அவர் சலித்துக்கொண்டார். "மோட்டாருக்குச் செவப்பு, விளக்குக்கு மஞ்சள். எத்தனை வாட்டி?"

நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினேன். மோட்டாருக்கு மஞ்சள், விளக்குக்குச் சிவப்பு என்றிருந்தது.

"நீங்க மாத்தி எழுதிட்டீங்க."

"இருக்கலாம். பெட்டியைத் திறங்க."

பெட்டி கோவிலிலிருந்து வந்தபடியே கிடந்தது. அதற்குப் போட்டிருந்த இரண்டு பூட்டையும் திறந்தார். எரிந்த மோட்டாரிலிருந்து வந்த ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது மஞ்சள். நேர்க் கரண்டு வரும் ஸ்குரூவில் போய் முடிந்தது. அதன் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. சிவப்பு ஒயர் கண்டென்சர் ஸ்குரூவில் வெறுமனே சுற்றப்பட்டிருந்தது. கந்தசாமி ஈயம் பற்றவைக்கிற கருவியைத் தொட்டதே இல்லை. சூடு பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று பயப்படுவார். கோவிலில் மீண்டும் பூட்டியபோது, அருளப்பனே தான் நிறம் மாற்றியதை மறந்துவிட்டு, எல்லோரையும்போல மஞ்சள்தான் விளக்கு என்று நினைத்து நேர்க் கரண்டில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. போட்டோவுக்காகத் தகட்டின்மேலேயே நின்றபோது எரிந்தது. கந்தசாமியின் சிவப்பு ஒயரால் நேர்ந்தது விளக்கு எரியாததுதான்.

அருளப்பன் வெகுநேரம் அந்த முனையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"தானா எரியல நிருபரே" என்றார்.

பிறகு நோட்டைக் கேட்டார். இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் அருகருகே எழுதச் சொன்னார். அதன் கீழே தன் கையால் எழுதினார்: "ரெண்டும் நான் சொன்னது. ரெண்டாவது தப்பு. மஞ்சளை மாட்டினது நான்." கையெழுத்துப் போட்டார். "இத யாருக்கும் காட்டாதீங்க. நானே போய்ச் சொல்றேன்" என்றார். சரி என்றேன். அது மாசி மாதம்.

அவர் போகவில்லை. முதலில் தவக்காலம் முடியட்டும் என்றார். பிறகு வெயில் குறையட்டும் என்றார். இதற்கிடையில் பெட்டி முழுவதையும் பிரித்து, யாரும் எதிர்பார்க்கும் நிறங்களில் மீண்டும் ஒயர் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டுக் கட்டினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பழனி பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்ததாக ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"போய்ச் சொன்னா, பரவால்லீங்க, மன்னிச்சுட்டனுங்கம்பார். அத நான் எப்படி நம்புறது?"

இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. கந்தசாமி வஞ்சம் வைத்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். வஞ்சமில்லாத ஒருவரை எந்தப் பக்கமிருந்து சோதித்துப் பார்ப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

நானும் வற்புறுத்தவில்லை. வாக்குக் கொடுத்தேன், அதனால் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தில் எனக்கே சந்தேகம் உண்டு. வற்புறுத்தினால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிக் கதவு எனக்குத் திறக்காமல் போகலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அடக்கத்துக்குக் கந்தசாமி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், "அந்த எரிச்ச ஆளுல்ல?" "எம்புட்டுத் தைரியம் பாரேன்" என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழும் தூரம்தான். அவர் திரும்பவில்லை. மண் போட்டுவிட்டு வெளியே வந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"அவருக்குத் தெரியுமுங்களா சார்? நான் எரிக்கலைன்னு?"

"தெரியும்."

"எப்பத்திலிருந்துங்க?"

"மாசியிலிருந்து."

விரல்விட்டு எண்ணினார். எட்டு மாதம். "உங்களுக்குங்க?"

"எனக்கும் அப்பவேதான்."

பதினோரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நீங்களுமுங்களா" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தின் நகலை மறுநாளே அவருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவரே பேசினார். நன்றி சொல்லவில்லை. "கையெழுத்து அவருதுதானுங்களே? நீங்க போட்டதில்லையே?" என்று கேட்டார். எனக்கு வருத்தமில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்டெல்லா டீச்சரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வந்து உறுதிசெய்துகொண்டார்.

அருளப்பனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் கெட்டிக்காரர். நேர்மையானவர். உலகத்தை நம்பாமலே எழுபது வயதுவரை வாழ்ந்தவர். அவர் சந்தேகிக்கத் தவறிய ஒரே ஆள் அவர்தான். அதற்கான விலையைக் கொடுத்தவர் கந்தசாமி. அந்த ஞாயிறு மாலை முற்றத்தில் நின்ற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: கந்தசாமி எரிக்கவில்லை.

அருளப்பனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பக்கம். இரண்டு பட்டியல், மூன்று வாக்கியம், ஒரு கையெழுத்து. மூலம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.